அவனைக் கேட்காமல் பெற்ற அனுமதி

என் தம்பிக்கு மாற்றுத்திறனாளிகளுக்கான பகல்நேர மையம் ஒன்றில் இடம் வாங்குவதற்காக நான் பதினொரு மாதங்கள் அலைந்தேன். முதல் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்கி மேல்முறையீடு செய்தேன். மருத்துவச் சான்று, இயன்முறை மருத்துவரின் அறிக்கை, எங்கள் வீட்டு நிலைமையை விளக்கி நான் எழுதிய நான்கு பக்கக் கடிதம் என்று ஒரு கோப்பே சேர்ந்தது. கடைசியில் வாரத்தின் ஐந்து வேலை நாட்களுக்கும் இடமும், வாசலுக்கே வந்து அழைத்துச் செல்லும் வாகனமும் கிடைத்தன. முதல் நாள் காலை அந்த வாகனம் வந்து நின்றபோது, தம்பி தன் சக்கர நாற்காலியின் பிரேக்கைப் போட்டு, அதன்மேல் வைத்த கையை எடுக்க மறுத்துவிட்டான். அம்மா கெஞ்சினார். ஓட்டுநர் கால் மணி நேரம் காத்திருந்துவிட்டுப் புறப்பட்டார். எனக்கு அவன்மீது கடுங்கோபம் வந்தது.

அன்று மாலைதான் அவனுடைய சொற்பலகையை அவன் மடியில் வைத்து, அங்கே போக உனக்கு விருப்பமா என்று முதன்முறையாகக் கேட்டேன். அந்தப் பதினொரு மாதங்களில் அதிகாரிகளோ மருத்துவர்களோ அம்மாவோ நானோ அவனிடம் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கவில்லை. விண்ணப்பப் படிவத்தில் 'பயனாளியின் விருப்பம்' என்று ஒரு கட்டம் இருந்தது. அதை நிரப்பியிருந்தது என் கையெழுத்து.

என் தம்பிக்குப் பிறவியிலேயே பெருமூளை வாதம். அப்போது அவனுக்கு வயது முப்பத்தொன்று. அவன் பேச்சு வீட்டாருக்கு மட்டுமே ஓரளவு புரியும். மற்றவர்களிடம் ஏறக்குறைய இருநூறு சொற்களும் படங்களும் எழுத்துகளும் கொண்ட பலகையில் விரலால் தொட்டுக் காட்டித்தான் பேசுவான். ஒரு வாக்கியம் முடிய சில நிமிடங்கள் ஆகும். அன்று மாலை அவன் தொட்டவை மூன்று சொற்கள்: 'நான்', 'வீடு', 'தனியாக'. தனிமையில் வாடுகிறான் என்று சொல்கிறான் போலும் என்று நினைத்தேன். அதற்காகத்தானே மையத்தில் இடம் பிடித்தேன் என்றும் சொன்னேன். அவன் தலையை அசைத்து மறுத்து, அதே மூன்று சொற்களை மறுபடியும் தொட்டான். அவன் சொல்ல வந்தது எனக்கு விளங்க மேலும் இரண்டு மாலைகள் தேவைப்பட்டன. முப்பத்தொரு ஆண்டுகளில் ஒரு மணி நேரம்கூட அவன் யாருடைய பார்வையும் தன்மேல் படாமல் இருந்ததில்லை. வீட்டில் சிறிது நேரம் தனியாக இருக்க வேண்டும் என்பதுதான் அவன் கேட்டது. நான் போராடிப் பெற்றது அதற்கு நேர் எதிரானது.

அதன் பிறகு ஒன்பது ஆண்டுகளாக, என் வேலை நேரம் போக மிச்சமிருக்கும் நேரத்தில், மாற்றுத்திறனாளிகள் சார்பில் பரிந்து பேசும் பணியைத் தன்னார்வமாகச் செய்து வருகிறேன். பராமரிப்பு இல்லங்களிலும் மருத்துவமனைகளிலும் அலுவலகங்களிலும் நான் உடனிருந்த பலரைப் பற்றி இங்கே எழுதும்போது, அவர்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கியிருக்கிறேன். தம்பியைப் பற்றி எழுதியவற்றை அவனுக்கு வாசித்துக் காட்டினேன். இரண்டு இடங்களை நீக்கச் சொன்னான்; நீக்கிவிட்டேன்.

ஒருவருக்கு நல்லது நடக்க வேண்டும் என்று பேசுவதும், அவர் விரும்புவது நடக்க வேண்டும் என்று பேசுவதும் ஒன்றல்ல என்பதை இந்தப் பணிக்கு வருபவர்கள் முதலில் புரிந்துகொள்ள வேண்டும். முதல் வேலையைச் செய்யக் குடும்பம், மருத்துவர், சமூகப் பணியாளர் என்று பலர் இருக்கிறார்கள். இரண்டாவது வேலைக்குப் பெரும்பாலும் ஒருவரும் இருப்பதில்லை. ஐக்கிய நாடுகள் அவை 2006 டிசம்பர் 13 அன்று ஏற்றுக்கொண்டு, 2008 மே 3 அன்று நடைமுறைக்கு வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான உடன்படிக்கையின் 12ஆம் பிரிவு, மாற்றுத்திறனாளிகளுக்கு வாழ்வின் எல்லாத் துறைகளிலும் மற்றவர்களுக்குச் சமமான சட்டத் தகுதி உண்டு என்கிறது. அந்தத் தகுதியைப் பயன்படுத்தத் தேவைப்படும் ஆதரவை அரசுகள் கிடைக்கச் செய்ய வேண்டும் என்றும் சொல்கிறது. முடிவெடுக்கச் சிரமப்படுபவருக்குப் பதிலாக இன்னொருவர் முடிவெடுப்பதை விட்டு, அவரே முடிவெடுக்கத் துணை நிற்பதே இதன் சாரம். உடன்படிக்கையின் கண்காணிப்புக் குழு 2014இல் அந்தப் பிரிவுக்கு விளக்கம் எழுதியபோது இன்னும் ஒரு படி மேலே சென்றது. எவ்வளவு முயன்றும் ஒருவரின் விருப்பத்தை அறிய முடியாத நிலையிலும், அவருக்கு எது நல்லது என்று பிறர் கணிப்பதை அளவுகோலாகக் கொள்ளாமல், அவர் எதை விரும்பியிருப்பார் என்பதை இயன்றவரை சரியாக உய்த்துணர்ந்து அதன்படி நடக்க வேண்டும் என்றது. பல ஆண்டுகள் நான் செய்ததற்கெல்லாம் 'அவனுடைய நன்மைக்காக' என்றே பெயர் வைத்திருந்தேன். அந்த விளக்கத்தைப் படித்தபோது என் கோப்பிலிருந்த நான்கு பக்கக் கடிதம்தான் நினைவுக்கு வந்தது.

இனி, கேள்வி கேட்கும் முறைக்கு வருகிறேன். எனக்குத் தெரிந்தவரை பெரும்பாலான தவறுகள் இங்கேதான் தொடங்குகின்றன.

அறிவுசார் குறைபாடு உள்ளவர்களில் பலர், வாழ்நாள் முழுவதும் 'சரி' என்று சொன்னால்தான் எதிரே இருப்பவர் முகம் மலரும் என்று பழக்கப்பட்டவர்கள். ஆகவே ஆம், இல்லை என்று பதில் வரும் கேள்விகளுக்கு அவர்கள் ஆம் என்று சொல்லும் வாய்ப்பு மிகுதி. இல்லம் ஒன்றில் ஓர் இளைஞரிடம், இந்த அறை பிடித்திருக்கிறதா என்று கேட்டு, ஆம் என்ற பதிலை எழுதிக்கொண்டு வந்தேன். அடுத்த வாரம் அதே அறையைப் பற்றி, வேறு அறைக்கு மாற விருப்பமா என்று கேட்டபோதும் ஆம் என்றார். இரண்டு பதில்களும் என்னை மகிழ்விக்கச் சொல்லப்பட்டவை. அன்றிலிருந்து இரண்டு அறைகளின் படங்களையும் முன்னால் வைத்து எது வேண்டும் என்று கேட்கிறேன். சிறிது நேரம் கழித்துப் படங்களை இடம் வலமாக மாற்றி வைத்து மறுபடி கேட்கிறேன். வேறொரு நாள், வேறொருவரைக் கொண்டு, வேறு சொற்களில் கேட்கச் செய்கிறேன். மூன்று முறையும் பதில் ஒன்றாக இருந்தால் அதை விருப்பம் என்று எழுதுகிறேன். மாறி மாறி வந்தால், இன்னும் தெரியவில்லை என்றே எழுதுகிறேன். 'இரண்டும் வேண்டாம்' என்பதற்கும் ஒரு படம் எப்போதும் மேசையில் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் நாம் ஏற்கனவே தேர்ந்து வைத்த இரண்டுக்குள் அவரை அடைத்துவிடுகிறோம்.

கேட்ட பிறகு காத்திருக்க வேண்டும். மௌனம் நமக்குத்தான் தாங்காது. என் தம்பி ஒரு கேள்வியை உள்வாங்கி, கையை எழுப்பி, பலகையில் முதல் சொல்லைத் தொடுவதற்கு இருபது விநாடிகளுக்கு மேல் ஆகும். அதற்குள் நான் கேள்வியை வேறு விதமாகக் கேட்டுவிட்டால் அவன் தொடக்கத்திலிருந்து மறுபடியும் தொடங்க வேண்டும். பலரும் அவனைப் பதில் சொல்லாதவன் என்று எழுதி வைத்ததற்கு இந்த இருபது விநாடிகள்தான் காரணம்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கையையும் சொல்லியாக வேண்டும். தம்பியின் மணிக்கட்டைத் தாங்கிப் பிடித்தால் அவன் முழு வாக்கியங்களை வேகமாக எழுத்துக்கூட்டிக் காட்டுவான் என்று ஒருவர் எங்கள் வீட்டுக்கு வந்து செய்து காட்டினார். அழகிய, நீண்ட வாக்கியங்கள் வந்தன; அம்மா அழுதுவிட்டார். நான் அவரை வெளியே அனுப்பி, தம்பியிடம் ஒரு பொருளைக் காட்டிவிட்டு, அவரை உள்ளே அழைத்து, அவன் பார்த்தது என்ன என்று எழுதிக்காட்டச் செய்தேன். பதில் வரவில்லை. கையைப் பிடிப்பவர் தம்மை அறியாமலே கையை இட்டுச் செல்கிறார் என்பது கட்டுப்பாட்டுடன் நடந்த சோதனைகளில் மீண்டும் மீண்டும் வெளிப்பட்டிருக்கிறது. பேச்சு மொழிச் சிகிச்சையாளர்களுக்கான அமெரிக்கச் சங்கம் 2018இல் இந்த முறையைப் பயன்படுத்தக் கூடாது என்று அறிவித்திருக்கிறது. அந்த மனிதர் ஏமாற்ற வந்தவர் அல்லர். தாம் செய்வதை முழுமையாக நம்பினார். ஆனால் அவன் பெயரில் இன்னொருவர் பேசுவது, பேசுபவருக்கே தெரியாமல் நடந்தாலும், அவன் குரலைப் பறிப்பதுதான். துணை தேவையென்றால் பலகையைச் சாய்த்துப் பிடிக்கலாம், கையை ஊன்றிக்கொள்ள ஒரு தாங்கி வைக்கலாம், கண் அசைவால் இயங்கும் கருவியை முயன்று பார்க்கலாம். எந்தச் சொல் என்பதை அவனே தொட வேண்டும்.

தனியாக இருக்க விரும்பிய விஷயத்தில் எங்கள் வீட்டில் நடந்தது பலருக்குப் பயன்படக்கூடும் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். அம்மா முதலில் மறுத்தார். அவருடைய அச்சம் வெறும் பிடிவாதம் அல்ல. எனவே அவர் அஞ்சுபவற்றை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லி, தம்பி முன்னிலையில் ஒரு தாளில் எழுதினேன். நாற்காலியிலிருந்து சரிந்து விழுவது, தீ, புரையேறுவது, வாசலில் அந்நியர் வருவது, அவசரத்துக்குக் கூப்பிட முடியாமல் போவது என்று ஐந்து வந்தன. பொதுவாக 'ஆபத்து' என்று சொல்லும்வரை மலையாக நின்றது, பிரித்து எழுதியதும் ஒவ்வொன்றும் கையாளக்கூடிய அளவுக்கு வந்தது. நாற்காலியின் இடுப்புப் பட்டையைச் சரிசெய்தோம். அடுப்பின் எரிவாயுக் குழாயை மூடிவிட்டுப் போவது என்று வைத்துக்கொண்டோம். அந்த நேரத்தில் அவன் எதுவும் சாப்பிடுவதில்லை, உறிஞ்சுகுழல் வைத்த தண்ணீர்ப் புட்டி மட்டும் அருகில் இருக்கும் என்று அவனே ஒப்புக்கொண்டான். ஒரே பொத்தானில் அம்மாவை அழைக்கும்படி கைபேசியை அமைத்து நாற்காலியின் கையில் வைத்தோம். சாவி ஒன்றைப் பக்கத்து வீட்டில் கொடுத்தோம்.

முதல் நாள் பதினைந்து நிமிடங்கள். அம்மா தெருமுனையில் நின்றுகொண்டிருந்தார். பிறகு அரை மணி, ஒரு மணி என்று நீண்டு, இரண்டு மாதங்களில் இரண்டு மணி நேரமானது. நான்காவது வாரத்தில் கைபேசி நழுவித் தரையில் விழுந்துவிட்டது. அன்று அவன் யாரையும் கூப்பிட வழியின்றி ஒரு மணி நேரம் இருந்தான். திரும்பி வந்து அதைப் பார்த்த அம்மா, இனி இது வேண்டாம் என்றார். நானும் அந்த மாலை அம்மாவின் பக்கம்தான் இருந்தேன். தம்பி பலகையில் 'மறுபடி' என்ற சொல்லைத் தொட்டான். பிறகு எழுத்துகளைக் கூட்டி 'பட்டை' என்று காட்டினான். கைபேசியை வாரால் நாற்காலியோடு கட்ட வேண்டும் என்ற யோசனை எங்கள் இருவருக்கும் தோன்றுவதற்கு முன்பே அவனுக்குத் தோன்றியிருந்தது. இடரை ஏற்பதிலும் ஒரு கண்ணியம் உண்டு, அதை மாற்றுத்திறனாளிகளுக்கு மறுக்கக் கூடாது என்று அமெரிக்கரான ராபர்ட் பெர்ஸ்கே 1972இல் எழுதினார். இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளுக்கான 2005ஆம் ஆண்டின் மனத்திறன் சட்டமும், ஒருவர் எடுக்கும் முடிவு விவேகமற்றது என்பதற்காக மட்டும் அவருக்கு முடிவெடுக்கும் திறனில்லை என்று கொள்ளக் கூடாது என்கிறது. மற்றவர்களெல்லாம் தவறிழைத்துத் தவறிழைத்துத்தானே வாழக் கற்கிறோம்.

கூட்டங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலை முன்கூட்டியே வாங்கி, எளிய சொற்களிலும் படங்களிலும் மாற்றி, யாருக்காகப் பேசப் போகிறோமோ அவருடன் உட்கார்ந்து பார்க்க வேண்டும். கூட்டத்தில் நான் அவருக்கு எதிரே உட்காராமல் பக்கத்தில், அரை அடி பின்னால் உட்காருகிறேன். அதிகாரி என்னைப் பார்த்துக் கேள்வி கேட்டால் நான் அவரைப் பார்க்கிறேன், அதிகாரியின் கண்ணும் மெல்ல அவர் பக்கம் திரும்பிவிடுகிறது. அவர் சொன்னதைச் சொல்லும்போது 'அவர் சொல்வது' என்றும், என் கருத்தைச் சொல்ல நேர்ந்தால் 'இது என் கருத்து, அவருடையதல்ல' என்றும் பிரித்துச் சொல்கிறேன். முடிவுகளும் மறுப்புகளும் காரணத்தோடு எழுத்தில் வர வேண்டும். வாய்மொழியாகச் சொல்லப்பட்ட மறுப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்வது மிகக் கடினம். கூட்டக் குறிப்பில் அவர் சொன்ன சொற்கள் அப்படியே இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டே கையெழுத்திடச் சொல்ல வேண்டும்.

எல்லாவற்றிலும் கடினமானது, அவருடைய விருப்பத்துக்கும் அவரை நேசிக்கும் குடும்பத்துக்கும் இடையில் நிற்பது. ஐம்பது வயதைக் கடந்த ஒரு பெண்ணின் உதவித்தொகை முழுவதையும் அவருடைய அக்கா நிர்வகித்து வந்தார். ஒரு காசுகூடத் தவறாகச் செலவிட்டதில்லை. தங்கையோ தன் பணத்தைத் தன் கையில் வாங்கிப் பார்க்க விரும்பினார். அக்காவுக்கு இது தன் நேர்மையைச் சந்தேகிப்பதாகப் பட்டு, என்னோடு இரண்டு மாதங்கள் பேசவில்லை. நானும் ஓர் அக்கா என்பதால் அவருடைய வலி எனக்குப் புரிந்தது. ஆனாலும் நான் அங்கே தங்கையின் சார்பில் வந்தவள். கணக்கை ஒரேயடியாக மாற்றாமல், மாதத் தொகையில் ஒரு பகுதியை மட்டும் தங்கையின் கையில் கொடுப்பது, அதற்கு ரசீதோ விளக்கமோ கேட்பதில்லை, மூன்று மாதம் கழித்துப் பார்ப்பது என்று முடிவானது. முதல் மாதப் பணம் நான்கு நாட்களில் தீர்ந்தது. மூன்றாவது மாதத்தில் கடைசி வாரம்வரை வந்தது. நாணயங்களையும் தாள்களையும் வாரவாரியாகப் பிரித்து நான்கு உறைகளில் போடக் கற்றுக்கொடுத்தவர் அதே அக்காதான்.

சொற்களே இல்லாதவர்களிடமும் விருப்பம் இருக்கிறது. பார்வையும் பேச்சும் இல்லாத ஒரு பெரியவரை வேறு இல்லத்துக்கு மாற்றுவது பற்றிய பேச்சு வந்தபோது, அவருக்கு எங்கிருந்தாலும் ஒன்றுதான் என்று அங்கிருந்தவர்கள் சொன்னார்கள். ஆறு வாரங்கள் ஒரு நோட்டை அவர் அருகில் வைத்தோம். எந்த நேரத்தில், யார் அருகில், எந்த ஒலிக்கு அவர் உடல் தளர்ந்தது அல்லது இறுகியது என்பதை ஒவ்வொரு வேளைப் பணியாளரும் விளக்கம் சேர்க்காமல் கண்டபடியே எழுதினார்கள். காலையில் ஜன்னலோரம் வெயில் படும் இடத்தில் அவர் கைகள் விரிந்தன. இரவு வேளையில் வரும் ஒரு பணியாளரின் குரல் கேட்டால் தலை அந்தப் பக்கம் திரும்பியது. இடம் மாற்றியபோது கிழக்குப் பார்த்த ஜன்னல் அறையைக் கேட்டுப் பெற்றோம். அந்தப் பணியாளரை உடன் அனுப்பும்படி கேட்டோம்; அது கிடைக்கவில்லை. அவர் விரும்பியது நிறைவேறவில்லை என்று கோப்பில் எழுதி வைத்தேன். அப்படி எழுதாவிட்டால், எல்லாம் அவர் விருப்பப்படி நடந்ததாகவே கோப்பு சொல்லும்.

தம்பிக்கு உதவியாளரை அமர்த்தியபோது தேர்வை அவனே நடத்தினான். பதினான்கு வயதில் போலியோவால் கழுத்துக்குக் கீழே செயலிழந்த எட் ராபர்ட்ஸ், 1962இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, தன் உதவியாளர்களைத் தானே வழிநடத்தி வாழ்ந்ததையும், அங்கிருந்து கிளர்ந்த இயக்கம் 1972இல் சுதந்திர வாழ்வு மையத்தை நிறுவியதையும் அவனுக்குச் சொல்லியிருந்தேன். உன்னைத் தூக்கிக் குளிப்பாட்டப் போகிறவரை நீயே தேர்ந்தெடுக்கவும் நீக்கவும் வேண்டும் என்றேன். வந்த மூவரில், நான் கழித்திருக்கக்கூடிய, அனுபவம் குறைந்த இளைஞரை அவன் தேர்ந்தான். ஏழு மாதங்கள் கழித்து அவரை நீக்கவும் செய்தான். அவன் இரண்டு சொற்களைத் தொடுவதற்குள் மீதி வாக்கியத்தை அந்த இளைஞர் முடித்துவிடுகிறார் என்பதே காரணம். அந்தச் செய்தியைப் பலகையில் அவனே சொன்னான். இருபத்தைந்து நிமிடங்கள் ஆயிற்று. இளைஞர் கடைசிவரை குறுக்கிடாமல் கேட்டார்.

பகல்நேர மையத்துக்கு இப்போது வாரத்தில் ஒரு நாள் போகிறான். அங்கே சதுரங்கம் ஆடும் ஒருவர் இருப்பதை அவனே விசாரித்துத் தெரிந்துகொண்டான்.

இந்த ஆண்டின் மறுஆய்வுக் கூட்டத்துக்கு நான் விடுப்பு எடுத்துத் தயாரானபோது, தம்பி 'அக்கா' என்ற சொல்லையும் 'வேண்டாம்' என்ற சொல்லையும் தொட்டான். புதிய உதவியாளருடன் போய் வந்தான். மாலையில் கூட்டக் குறிப்பைக் காட்டினான். வாரம் மூன்று முறை நடந்துவந்த இயன்முறைப் பயிற்சியை ஒரு முறையாகக் குறைக்கச் சொல்லியிருந்தான். அது தவறு என்பது என் கருத்து; தசை இறுக்கம் கூடும் என்பதைக் காரணங்களோடு ஒரு முறை அவனிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு 'தெரியும்' என்ற சொல்லைத் தொட்டான். ஆறு மாதங்களுக்கு வாரம் ஒரு முறை, பிறகு அவனே முடிவு செய்வான் என்று அந்தக் குறிப்பில் இருக்கிறது. கீழே அவனுடைய கோணல் கையெழுத்து.